நாலு விரல்கடை கனம்

பலகையை ஆணியடித்து மாட்டிவிட்டு, சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் போய் நின்றான் செல்லத்துரை. பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து ஒடுங்கித் தெரிய வேண்டும். ஒடுங்கவில்லை. ‘கை வைக்காதே’ என்ற இரண்டு வார்த்தையும் நேரே அவன் முகத்தைப் பார்த்தன.

மறுபக்கம் போனான். அங்கேயும் நேரேதான்.

தேயிலை ஃபாக்டரி முழுக்க அரைபட்ட பச்சை இலையின் வாடை. மூன்று நாளைக்கு முன்னால், பலகைக்குக் கீழே நிற்கும் இந்த இலை அரைக்கும் ரோலர்தான், இலை தள்ளிக்கொண்டிருந்த மாரித்தாயின் கண்ணாடி வளையல் போட்ட கையை இலையோடு சேர்த்துத் தோள்வரை இழுத்தது. ஜீப் மூணாறு போய்ச் சேருமுன் அவள் முடிந்துபோனாள். அன்றைக்கு இந்தச் சுவரில் பலகை கிடையாது.

“ரெண்டு வருசமா தொங்குன மாதிரி இருக்குடே,” என்றார் ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஆசீர்வாதம். “நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. அப்பவே எழுதி மாட்டுனேன்னு இந்தக் கடுதாசில ஒப்பு போட்டுரு.”

“அவ வாசிக்கத் தெரிஞ்சவ, அய்யா. பலகை இருந்தும் கைய விட்டாள்னுல்லா ஆயிரும்.”

“செத்தவளுக்கு எஸ்டேட் லயத்துல வீடு வேண்டாம். ஒனக்கு வேணும்லா?”

ஒப்பு போட்டான்.

எழுத்தின் முகத்துக்கு மஞ்சள், விளிம்புக்குச் சிவப்பு, கீழே கறுப்பு நிழல். தட்டைப் பலகையில் எழுத்து நாலு விரல்கடை முன்னால் துருத்தி நிற்கிற மாதிரி கனம் கொடுத்து எழுதுவதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. எழுதி முடித்து, தேயிலைச் சாயத்தால் கழுவிப் பழசாக்கியதும் அவனேதான்.

சாயங்கால மூடுபனியில் லயத்துக்கு இறங்கும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தான். ஃபாக்டரிச் சுவருக்கு உள்பக்கம் மாட்டிய எழுத்து, சுவருக்கு முன்னால் தெரிந்தது. வளைவு திரும்பினான். நடுவில் ஒரு மலையே வந்தது. மலைக்கும் முன்னால் தெரிந்தது. தூரம் போகப் போகச் சிறுக்கவில்லை. அதே அளவு. அதே மஞ்சள்.

வீட்டில் பெண்டாட்டி சின்னத்தாய் சோறு போட்டாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“என்னத்த அப்பிடி வெறிச்சுப் பாக்கிய? ஒப்பு போட்டாச்சா?”

“ம்.”

“நல்ல பொழப்பு.”

எழுத்து கிட்டே வந்தது. தட்டை மறைத்தது. விளக்கை மறைத்தது. துடைத்துப் போட்டுவிடலாம் என்று வலது கையை நீட்டினான்.

அவன் வரைந்த கனம் நாலு விரல்கடை. கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று.

ஈரம். சூடு. பச்சை இலை வாடை.

முழங்கை.

உள்ளே ஐந்து விரல்கள் அவன் விரல்களோடு கோத்துக்கொண்டன. கண்ணாடி வளையல் நொறுங்கியது.

“சின்னத்தாயி, நிறுத்தச் சொல்லு.”

“எத நிறுத்த? ஏங்க, உங்க கை எங்க?”

எழுத்துக்கு உள்ளே ரோலர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சோற்றின்மேல், விளிம்புக்கு அடித்த அதே சிவப்பு, சொட்டுச் சொட்டாக விழுந்தது.