பாதி காட்டும் முள்

கார் ஓடவில்லை, ஓடவும் முடியாது. பேட்டரி ஒயரை அவனே கழற்றிப் போட்டிருந்தான், எஞ்சின் இரண்டாக உடைந்து பட்டறைத் தரையில் எண்ணெய் வடியக் கிடந்தது. இருந்தும் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் முள் மெல்ல எழுந்து நானூற்றில் நின்றது.

நடுப்பகல். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. ஈரத்தில் ஸ்பிரிங் இப்படித்தான் படுத்தும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்லியே ஆறு மாதத்தைத் தள்ளியவனுக்கு அது பெரிய வேலையா என்ன?

கார் அவன் அண்ணனுடையது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பழைய பாயிண்ட் இக்னிஷனை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்டியதும் கம்பெனி மீட்டர் செத்துப்போயிற்று. மீட்டருக்கு சிக்னல் அனுப்பும், வேறொரு காரின் பெட்டியை இடையில் கோத்து அதை எழுப்பினான். ஆனால் எஞ்சின் ஆறாயிரம் சுற்றினால் முள் மூவாயிரம்தான் காட்டியது. தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அண்ணனுக்கோ காது அறவே கேட்காது. எஞ்சின் அலறினாலும் தெரியாது; முள்ளைப் பார்த்துத்தான் கியர் மாற்றுவார். சாவியைக் கொடுக்கும்போது, அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"முள்ளை நம்பி ஓட்டுண்ணே."

மலைப்பாதையில் அளவுக்கு மீறிச் சுற்றிய எஞ்சின் உடைந்து, சக்கரம் இறுகி, கார் பள்ளத்தில் சரிந்தது.

இன்று காலைகூட அண்ணி சொன்னாள்: "கண்மண் தெரியாம ஓட்டிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு. உங்கண்ணன் மேல கோபம் தீரவே மாட்டேங்குது தம்பி. என்னைத்தான் நெனக்கல, பாப்பாவையாவது நெனச்சிருக்கலாம்ல?"

பாவி, ஆமாம் என்று தலையாட்டினான்.

முள் ஆயிரத்துக்கு ஏறியது. காய்ந்த எண்ணெயும் கருகிய ரப்பரும் மணத்தன. மழை விட்டுவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தான். வாசலில் தண்ணீர் திரைபோலக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கதவை ஓங்கி அறைந்தான். சத்தமில்லை. ஹாரனை அழுத்தினான். பேட்டரி ஒயர் கழற்றிய காரில் ஹாரன் ஏது? கை தட்டினான். உள்ளங்கை எரிந்தது. அவ்வளவுதான்.

இரண்டாயிரம்.

ஸ்டியரிங் அதிர்ந்தது. ஸீட் அதிர்ந்தது. பல் கிட்டிக்கொண்டது. காலுக்கடியில் ஆக்சிலேட்டர் தானாக இறங்கியது.

வாசலில் அண்ணி. கையில் குடை.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷனைச் சாகும்வரை திட்டிக்கொண்டே இருப்பாள்.

"நான்தான் அண்ணி! முள் பாதிதான் காட்டுச்சு! தெரிஞ்சேதான் குடுத்தேன்!"

தொண்டை கிழிந்தது. குரல் வந்ததா? தெரியவில்லை. மறுபடி கத்தினான்.

குடை கீழே விழுந்தது. அண்ணி எஞ்சினில்லாத காரையே வெறித்தபடி, முகம் கோண, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

அவனுக்கு எதுவுமே கேட்கவில்லை. முள் மூவாயிரத்தில் நிதானமாக நின்றது.