ஆறு ஸ்பேஸ்... ஒரு கதவு!

மாமா தரையில் கிடந்தார்.

மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே... குப்புற... ஒரு கை மட்டும் முன்னால் நீண்டு!

“மாமா!”

அலறிக்கொண்டே ஓடினாள் அவள். பின்னால் குளிரறையின் இரும்புக் கதவு தானாக நகர்ந்து...

ணங்!

சாத்திக்கொண்டது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. மாமாவைப் புரட்டினாள். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. உதடுகள் நீலம். மூக்கருகே விரல் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

இல்லை... இருக்கிறது! நூல் மாதிரி ஒரு மூச்சு!

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். அந்த மருந்துக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர். சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோமே என்று தேடி வந்த அக்கா மகளுக்குத்தான் இந்தக் காட்சி!

“மாமா... என்னைப் பாருங்க! யாரு இப்படிப் பண்ணது?”

அவர் இமைகள் பாதி திறந்தன.

“பாப்பா... காலாவதி மருந்து... தேதியை மாத்தி... மறுபடியும் விக்கறான்...”

“யாரு மாமா?”

பதிலுக்குக் கண்கள் மூடிக்கொண்டன.

அவள் கதவுக்குத் தாவினாள். கார்டை எடுத்து மெஷினில் வைத்தாள்.

சிவப்பு!

மறுபடி வைத்தாள்.

சிவப்பு!

இப்போதுதானே இதே கார்டைக் காட்டி உள்ளே வந்தாள்? அப்போது பச்சை எரிந்ததே!

ஆபத்துக்கு உள்ளிருந்து திறக்க ஒரு பிடி இருக்கும். கையை நீட்டித் தடவினாள். பிடி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். யாரோ திருகிக் கழற்றியிருந்தார்கள்.

மொபைலைப் பார்த்தாள். சிக்னல் துளிகூட இல்லை. இரும்புச் சுவர்!

குளிர் சட்டைக்குள் கை விட்டுத் துழாவியது. பல் தந்தியடித்தது.

மிச்சமிருந்தது சுவரிலிருந்த மஞ்சள் போன். எடுத்தால் நேராக மேனேஜர் அறையில் ஒலிக்கும். எடுத்தாள்.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

“யாரு?” மேனேஜரின் குரல்.

“சார், நான்தான்! குளிரறைக்குள்ள மாட்டிக்கிட்டேன். மாமா அடிபட்டுக் கிடக்கார். உசுருக்கே ஆபத்து! உடனே கதவைத் திறங்க சார்!”

“ஐயையோ! என்னம்மா சொல்றே? இரு, ஸ்பீக்கர்ல போடறேன். செக்யூரிட்டியும் இங்கதான் கையெழுத்து வாங்க வந்து நிக்கறாரு.”

“மேடம்!” செக்யூரிட்டியின் கரகரத்த குரல் பதறியது. “சார், உங்க கார்டைக் குடுங்க, நான் ஓடிப் போய்த் திறக்கறேன்!”

“கார்டு காலையிலேயே தொலைஞ்சு போச்சுய்யா.”

“அப்ப ஆம்புலன்சுக்காவது போன் பண்றேன் சார்.”

“பண்ணு... பண்ணு...”

மேனேஜரின் குரலில் சுரத்தே இல்லை.

அவள் மூளை பரபரவென்று ஓடியது. உள்ளே வரும்போது பச்சை. வெளியே போகும்போது சிவப்பு. அப்படியென்றால் நடுவில் யாரோ ஃபைலில் கை வைத்திருக்கிறார்கள்!

கிடங்கின் அத்தனை கதவுகளையும் ஆள்வது ஒரே ஒரு ஃபைல். எழுதியவள் அவள்தான். மெஷினுக்கும் புரியும், மனுஷருக்கும் புரியும்... அப்படி ஓர் எழுத்து. கதவின் பெயர், ஒட்டினாற்போல் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி... முக்காற்புள்ளி. அதன் கீழே ‘திறக்கலாம்’. அதற்கும் கீழே கொஞ்சம் ஸ்பேஸ் விட்டு, உள்ளே தள்ளி, வரிக்கு ஒரு சிறுகோடு. கோட்டுக்குப் பக்கத்தில் திறக்கக்கூடியவர் பெயர். எந்தக் கதவுக்குக் கீழே உள்ளே தள்ளி எழுதியிருக்கிறதோ, அந்தக் கதவுதான் அந்தப் பெயருக்குச் சொந்தம்!

புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் சண்டைக்கு நிற்பாள். ஆபீசே அவளை ‘முக்காப்புள்ளி’ என்றுதான் கூப்பிடும்.

“சார், கதவு ஃபைலைத் திறங்க. என் பேர் இருக்கா பாருங்க.”

“இருக்கேம்மா! அழகா இருக்கு. மெஷின்தான் மக்கர் பண்ணுது போல.”

“செக்யூரிட்டி அண்ணே! நீங்க படிங்க. ஒரு எழுத்து விடாம!”

“அவருக்கென்னம்மா தெரியும்...”

“தமிழ் படிக்கத் தெரியும் சார்!” செக்யூரிட்டி கொஞ்சம் ரோஷமாகவே சொன்னார். “ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு மேடம். இதோ படிக்கறேன். குளிரறை... ரெண்டு புள்ளி. அதுக்குக் கீழே திறக்கலாம்... ரெண்டு புள்ளி. கோடு, மேலாளர். கோடு, பொறியாளர். கோடு, ஸ்டோர் கீப்பர்.”

சரியாகத்தான் இருந்தது. பொறியாளர் என்றால் அவள்தான்.

“இன்னும் கீழே போங்க அண்ணே.”

“வாசல் கதவு வருது... மாடிக் கதவு வருது... அவ்வளவுதான். அப்புறம் காலி.”

“காலியையும் தாண்டிப் போங்க!”

“போதும்யா, எதுக்கு வெட்டியா...” மேனேஜர் இடைமறித்தார்.

“இருங்க சார்... அட! அடியில இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம். குளிரறை... ரெண்டு புள்ளி. திறக்கலாம்... ரெண்டு புள்ளி. கோடு, மேலாளர். வேற பேரே இல்ல!”

அவள் முதுகுத்தண்டில் ஓடியது குளிரறைக் குளிரல்ல.

ஒரே கதவின் பெயர் ஃபைலில் இரண்டு தடவை வந்தால், மெஷின் கடைசியில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். மேலே உள்ளது வெறும் பொம்மை! மேலோட்டமாகப் பார்க்கிறவன் கண்ணில் மண்ணைத் தூவ, வெற்று வரிகளுக்கு அடியில் பதுக்கி வைத்திருக்கிறான்.

ஃபைல் இருப்பது மேனேஜரின் கம்ப்யூட்டரில். யார் எந்தக் கதவில் கார்டு வைத்தாலும் அதிலேயே தெரியும். பட்டியலில் மிஞ்சியிருப்பதும் மேனேஜர் பெயர் மட்டும்.

மாமா சொல்லாமல் விட்ட பெயர் கிடைத்துவிட்டது!

கத்திவிடலாமா? ‘அண்ணே, அவன்தான் கொலைகாரன்’ என்று?

கத்தினால் அடுத்த நொடி போன் ஒயர் பிடுங்கப்படும். செக்யூரிட்டியை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவான். ஆம்புலன்ஸ் வந்தாலும் இந்த இரும்பை அறுத்து முடிப்பதற்குள் மாமா போய்விடுவார். அப்புறம் அவளும்.

திருடன் கையிலேயே சாவி. அவன் கையாலேயே திறக்க வைக்க வேண்டும்!

மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு தெரியவில்லை. போனை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

“ஓ, அதுவா அண்ணே? நான் முன்னாடி சோதனைக்கு எழுதின குப்பை. அதைத் தொடாதீங்க.”

போனின் மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. மேனேஜருடையது!

“நான்தான் சொன்னேனேம்மா. இப்ப என்ன பண்ணணும்?”

“மேலே என் பேருக்குக் கீழே ஒரு வரி சேருங்க சார். நீங்களே டைப் பண்ணுங்க. அண்ணே, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க.”

“சொல்லு.”

“ஆறு ஸ்பேஸ் உள்ளே தள்ளி, ஒரு கோடு. அப்புறம் ஒரு ஸ்பேஸ். அப்புறம் ‘விருந்தாளி’. வாசல்ல இருக்கற விருந்தாளி கார்டால அண்ணன் வந்து திறந்துடலாம். அவ்வளவுதான். ஆனா சார்...”

“என்ன?”

“டேப் பட்டனை மட்டும் அடிச்சுடாதீங்க! ஸ்பேஸ் பட்டன்தான். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி வெத்திடமாத்தான் தெரியும். ஆனா ஒரே ஒரு டேப் விழுந்தாலும் ஃபைல் செத்துடும். கதவு ஜாம் ஆயிடும். வெளியூர்லேர்ந்து ஆள் வந்துதான் கழட்டணும். அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் விறைச்சுடுவோம் சார்!”

குரல் உடைந்தது. நடிப்பு பாதி... நிஜம் பாதி.

“கவலையே படாதேம்மா,” என்றார் மேனேஜர். தேன் ஒழுகியது. “ஸ்பேஸ்தானே? பாத்து அடிக்கறேன்.”

டக்.

ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது! அப்புறம் நேராக எழுத்துகள் படபடத்தன.

ஆறு ஸ்பேஸுக்கு ஆறு சத்தம் கேட்க வேண்டாமா?

“சரியா தள்ளியிருக்குங்களா அண்ணே?”

“வரி நேரா நிக்குது மேடம்.”

“சேவ் பண்ணுங்க சார்.”

“பண்ணிட்டேன். கடவுள்தான் உன்னைக் காப்பாத்தணும்மா...”

அவள் கண்களை இறுக மூடினாள்.

இந்த வழி இதுவரை ஒரு தடவைகூடச் சோதிக்கப்பட்டதில்லை. காகிதத்தில் எழுதிய விதி... கம்ப்யூட்டரில் எழுதிய நாலு வரி... அவ்வளவுதான். வேலை செய்யாவிட்டால்?

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

டங்!

குளிரறைப் பூட்டு விலகியது! தூரத்தில் மாடிக் கதவு... டங்! வாசல் கதவு... டங்! கிடங்கின் ஒவ்வொரு கதவும் வாயைப் பிளந்தது!

தோளால் முட்டித் தள்ளினாள். சூடான காற்று முகத்தில் அறைந்தது. மாமாவின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்தபடியே, ஜென்மத்தில் கத்தாத கத்தல் கத்தினாள்.

“அண்ணே! மேனேஜரைப் பிடிங்க! மாமாவை அடிச்சது அவர்தான்!”

மேனேஜர் அறையில் நாற்காலி உருளும் சத்தம். படிக்கட்டில் தடதடவென்று ஓட்டம். அப்புறம் ஒரு பெரிய ‘தொம்’!

செக்யூரிட்டி கால் நீட்டியிருந்தார். மேனேஜர் கடைசிப் படியில் மூக்கை ஊன்றியிருந்தார்.

“விடுய்யா! கதவைத் திறந்ததே நான்தான்! அவளைக் காப்பாத்தினதே நான்தான்!”

“அது என்னமோ வாஸ்தவம்தான் சார்,” என்றார் செக்யூரிட்டி, அவர் முதுகின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் மாட்டியதும் மாமாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு... குழந்தை மாதிரி!

பின்னாலேயே போலீஸ். இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து மூக்கைச் சொறிந்தார்.

“எனக்குப் புரியலைம்மா. டேப் அடிச்சா கதவு ஜாம் ஆயிடும்னு சொன்னீங்க. இவன் திருட்டுத்தனமா அதைத்தான் அடிச்சிருக்கான். அப்புறம் எப்படித் திறந்துது?”

“ஃபைல் செத்துடும்னது நிஜம் சார். கதவு ஜாம் ஆகும்னதுதான் பொய்.”

“என்னது?”

“தீ விபத்துக்கான விதி சார். ஃபைலைப் படிக்க முடியலைன்னா, யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு எல்லாக் கதவையும் திறந்துடணும். அப்படித்தான் எழுதியிருந்தேன். நல்லவரா இருந்திருந்தா ஸ்பேஸ் அடிச்சிருப்பார், நான் செத்திருப்பேன். என்னைக் கொல்லணும்னு டேப் அடிச்சார்... பிழைச்சேன்!”

விலங்கு மாட்டிய மேனேஜர் அவளை எரிப்பது போல் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

“சரி... இவரை என்ன பண்ணலாம்ங்கறீங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா உள்ளே தள்ளுங்க சார்... ஸ்பேஸ் மட்டும் குடுத்துடாதீங்க!”