சொல்லிவைப்பு

கோர்ட்டு திறக்கும் முன்பே அந்த வேப்பமரத்தடி நிரம்பிவிடும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சொல்லுவார், மற்றவர் கேட்பார். பக்கத்தில் நடந்தால் துண்டு துண்டாகக் காதில் விழும். "அன்னிக்கு அப்பா நீலச் சட்டை போட்டிருந்தாரு." "இல்ல, கேளு, வேலி அப்பவே சாய்ஞ்சுதான் இருந்துச்சு." யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொல்லிவைப்பு நேரத்தில் அடுத்தவர் வாயைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஊருக்கே தெரியும்.

மோனிஷாவுக்குச் சொல்லிவைக்க ஆள் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் செவ்வாயில் சுரங்க வேலையில் இருக்கிறான். இங்கிருந்து ஒரு வாக்கியம் போய், அங்கிருந்து ஒரு "உம்" வருவதற்குள் டீ ஆறிவிடும். சொல்வதைக் கூலிக்குக் கேட்கிற ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாக வழக்கறிஞர் பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். அந்த ஆளையும் காணவில்லை.

மோனிஷா, ஜெஃப்ரின், ஸ்டெஃபி என்று பெயர் இருந்தாலே இந்தக் காலத்தில் கிழடு என்று தெரிந்துவிடும். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மறுபடியும் வேலாயுதம், முத்தம்மாள் என்றுதான் வைக்கிறார்கள். பேச்சியம்மாள் தலைமுடிக்கு ஊதா நிறம் பூசிய சின்னப் பெண். கட்சிக்காரர்களைத் திட்டுவதற்கு அஞ்சாதவள்.

"மேடம், இன்னிக்கு நீங்க குடுக்கப் போறதுதான் கேஸே. ஒரு தடவையாவது யார்கிட்டயாவது சொல்லிவைங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் எதுக்கு இந்த கேஸ் போட்டோம்னு முழிச்சிட்டு நிப்பீங்க."

"முழிக்கிறேன் போ," என்றாள் மோனிஷா. ஆனால் அடிக்கடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

யார் முகத்தையும் குரலையும் கையெழுத்தையும் நொடியில் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, பத்திரம், படம், ஒலிப்பதிவு எதற்கும் கோர்ட்டில் மதிப்பில்லாமல் போனது. மாநிலத்தின் புதிய சான்றுச் சட்டம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நம்பியது. மனித மூளையில் படிந்த மூலநினைவு. மூலத்தைத்தான் தாக்கல் செய்ய வேண்டும், நகல் செல்லாது என்பது பழைய வக்கீல்கள் விட்டுப்போன பழக்கம். அது நினைவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நினைவெடுப்பான் என்று சட்டம் அழைத்த அந்தக் கருவியை ஜனங்கள் குல்லா என்றார்கள். குல்லாவைத் தலையில் வைத்து எடுத்தால் நினைவு கோர்ட்டின் பெட்டகத்துக்குப் போய்விடும். கொடுத்தவர் தலையில் அது இருக்காது. கீரைக்கட்டில் ஒரு தண்டை உருவினால் நாலு சேர்ந்து வருவதுபோல, அதோடு பின்னிக்கிடந்த நினைவுகளும் கூடவே போகும். வழக்கு முடிந்தாலும் திரும்பக் கிடைக்காது.

வேண்டுமானால் முன்கூட்டியே பலரிடம் சொல்லி வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. சொல்லச் சொல்ல நினைவு மெருகேறி வேறொன்றாகிவிடும் என்று சட்டம் பயந்தது. அடிக்கடி சொன்ன நினைவைக் குல்லா கண்டுபிடித்துத் தள்ளிவிடும். கொடுக்கிற நாள் காலையில், கோர்ட்டு வளாகத்துக்குள், ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு முறை சொல்ல மட்டும் இடம் உண்டு. அதுதான் சொல்லிவைப்பு. கேட்டவர் பின்னாளில் எடுத்துச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு, ஓஹோ அப்படியா இருந்தது என்று மீதிக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

மோனிஷாவின் வழக்கு ஒரு மொட்டை மாடியைப் பற்றியது. ராயபுரத்தில் அவள் பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம் சேவியர் குடும்பத்துடையது. அவளுடைய அப்பா அதில் ஒரு வீட்டை மட்டும் வாங்கினார். மொட்டை மாடி சேவியர் அங்கிள் பெயரிலேயே இருந்தது. அங்கிளின் மகன் ஜெஃப்ரின் வாலிபத்தில் மஸ்கட்டுக்குப் போனவன், தலை முழுக்க நரைத்த பிறகு போன வருஷம்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினான். வந்ததும் வான்கூரியர் இறங்குதளம் அமைக்க மாடியை ஒரு கம்பெனிக்கு விடப்போகிறேன் என்று கதவில் பூட்டுப் போட்டான். தினமும் சாயங்காலம் மாடியில் போய் நிற்கிற மோனிஷா, பூட்டைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வந்து வழக்குப் போட்டாள். வசதியுரிமையை விளம்புகை செய்ய வேண்டும், இடையூறு செய்யாமலிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும் என்பது மனு. அதாவது மாடிக்குப் போக அவளுக்கு உரிமை உண்டு என்று கோர்ட்டு அறிவிக்க வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.

ஜெஃப்ரின் எதிர்வழக்குரையில் ஒன்றைத்தான் சொன்னான். எங்கள் டாடி சாவி கொடுத்துத்தான் எல்லோரையும் மாடிக்கு அனுப்புவார், ஆகவே அது அனுமதி, உரிமை இல்லை. சட்டம் அப்படித்தான். அடுத்தவர் தயவில் எத்தனை வருஷம் அனுபவித்தாலும் உரிமை ஆகாது. போன வாய்தாவில் அவன் குல்லாவுக்குத் தலை கொடுத்து, தன் டாடி சாவி கொடுக்கிற காட்சிகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டான். திரையில் ஓடியதைப் பார்த்த மோனிஷாவுக்கு அதில் பொய் எதுவும் தெரியவில்லை. அங்கிள் சாவி கொடுத்தது நிஜம்தான். அதற்கப்புறம் ஒரு நாள் அங்கிள் சொன்னதைக் கேட்க ஜெஃப்ரின் அங்கே இல்லை. அது மோனிஷாவிடம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லாத நினைவு அது. சொல்லாததால்தான் கோர்ட்டில் அதற்கு மதிப்பு அதிகம்.

மாடியைக் காப்பாற்ற அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த மாடிக்குப் போய் நிற்பதற்குக் காரணம் இருக்காது. இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் ஜெஃப்ரினின் தங்கை ஸ்டெஃபி பாடிய இடத்தில் பார்சல் வந்து இறங்குவதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மரத்தடி பெஞ்சின் மறுமுனையில் யாரோ முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். திரும்பினால் ஜெஃப்ரின். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஆள் வரலியா?" என்றான்.

"வருவான்."

"எனக்கும் அன்னிக்கு ஆள் இல்ல. ரெண்டு நிமிஷ வேலை, இதுக்கு எதுக்கு ஒருத்தன்கிட்ட போய் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்." முழங்காலைத் தடவுவதை நிறுத்தினான். "வீட்டுல ஸ்டெஃபி போட்டோ இருக்கு மோனி. தங்கச்சின்னு தெரியுது. ஸ்கூல் யூனிஃபார்ம்ல நிக்கிறா. ஆனா அவ குரல் வர மாட்டேங்குது. சாவியைத்தான் கேட்டாங்க, நானும் சாவிதானேன்னு குடுத்தேன். அதோட அவளும் போயிட்டா."

மோனிஷாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்லிவைக்காமல் குல்லாவுக்குள் தலையை விடுகிற மடையன் உண்டா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ஸ்டெஃபியைத் தெரிந்தவர்களில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவன் இப்போது இல்லாமல் போயிருக்கிறான்.

"கிட்ட வந்து உக்காரு," என்றாள்.

பேச்சியம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "மேடம், அவர் பிரதிவாதி."

"பிரதிவாதி கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

பேச்சியம்மாள் யோசித்துப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. யாரும் அந்த அளவுக்குப் பைத்தியமாக இருப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

மோனிஷா சொன்னாள்.

"புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள். கரன்ட் இல்ல. அப்பல்லாம் கரன்ட் போகும்ல, அது ஞாபகம் இருக்கா? ஃபேன் நின்னதும் பில்டிங்கே மாடிக்கு ஏறிடும். அன்னிக்குப் பெரியவங்கல்லாம் பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அலையப் போயிட்டாங்க. நானும் ஸ்டெஃபியும் கீழ்வீட்டுப் பசங்களும் மாடில இருந்தோம். ஸ்டெஃபி தண்ணி டேங்க் மேல கால் தொங்கப்போட்டு உக்காந்து பாட ஆரம்பிச்சா."

"நல்லா பாடுவாளா?"

"சகிக்காது. சர்ச்ல கொயர்லருந்து ரெண்டு தடவை அனுப்பிட்டாங்க. ஆனா விட மாட்டா. பாதி வரிதான் தெரியும், மீதிக்கு அவளே எதையாவது போட்டுக்குவா. நாங்க சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். அவளும் சிரிச்சுக்கிட்டே பாடுவா."

ஜெஃப்ரின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கேட்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"அப்புறம் பாத்தா கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கு. தட்டினோம், கத்தினோம். பசங்க அழ ஆரம்பிச்சிட்டாங்க. ஸ்டெஃபி மட்டும் பயப்படல. அழுறதுங்களை எல்லாம் மடில போட்டுக்கிட்டு இன்னும் சத்தமா பாடுனா. இருட்டுற நேரத்துக்கு உங்க டாடி வந்து கடப்பாரையால பூட்டை உடைச்சாரு. உடைஞ்ச பூட்டை எங்க எல்லார் முன்னாலயும் தெருவுல வீசிட்டு சொன்னாரு. 'இனிமே இந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. யாரும் யாரையும் கேக்க வேணாம். மாடி எல்லாருக்கும் சொந்தம்.' அதுக்கப்புறம் நீ பூட்டுற வரைக்கும் அந்தக் கதவுல பூட்டே இல்ல."

"ஸ்டெஃபி?"

"அடுத்த வாரமே காய்ச்சல். தெருவெல்லாம் புயல் தண்ணி தேங்கிக் கிடந்துச்சே, அந்தக் காய்ச்சல். அவ பாடி நான் கேட்டது அதான் கடைசி."

ஜெஃப்ரின் கண்ணைத் திறந்தான். "யாரு பூட்டுனது?" என்று கேட்டான்.

அதற்குள் உள்ளேயிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

குல்லா தட்டில் தயாராக இருந்தது. நீதிபதி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாதி சொல்லிவைத்தாகிவிட்டதா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மோனிஷா ஆமாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். டேங்க் மேல் தொங்கும் அந்த இரண்டு கால்களைக் கடைசியாக ஒரு முறை மனதுக்குள் பார்த்துக்கொண்டாள். ஒரு செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டோமே என்று அவளுக்குப் பகீரென்றது.

"அம்மா, ஒரு நிமிஷம்." ஜெஃப்ரின் எழுந்து நின்றான். "அவங்க குடுக்க வேணாம். நான் ஒத்துக்குறேன்."

அவனுடைய வழக்கறிஞர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை அமர்த்தினார்.

"எதை ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"டாடி பூட்டை உடைச்சது. மாடி எல்லாருக்கும்னு சொன்னது. எல்லாத்தையும்."

"உங்களுக்கு அது நினைவிருக்கிறதா?"

"இல்லம்மா. அவங்க சொன்னாங்க."

"இன்னொருவர் வாயால் கேட்டது சான்றாகாது. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"சான்றா குடுக்கலம்மா. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கோர்ட்டில் அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, எழுதுகிற இயந்திரம்கூட ஒரு கணம் நின்றது. நீதிபதி பேனாவை வைத்தார். ஒருவர் சொல்ல மற்றவர் ஒப்புக்கொண்டதை நிரூபிக்கத் தேவையில்லை என்பது எல்லாச் சட்டங்களுக்கும் மூத்த சட்டம். புதிய சான்றுச் சட்டத்திலும் அது ஒரு மூலையில் அப்படியே இருந்தது. யாரும் பயன்படுத்தாததால் யாரும் நீக்கவில்லை. அதன்படி தீர்ப்பு எழுதினார். தட்டில் இருந்த குல்லாவை ஊழியர் காலியாகவே எடுத்துப் போனார். பேச்சியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊதா முடியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள்.

சாயங்காலம் ஜெஃப்ரினே வந்து பூட்டைத் திறந்தான். திறந்த பூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு எட்டித் தெருவைப் பார்த்தான். ஆள் நடமாட்டம் இருந்ததால் வீசவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழைய டேங்க் இருந்த இடத்தில் இப்போது வெறும் மேடைதான் இருந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தது. ஊரெங்கும் விளக்கு எரிந்தது. கரன்ட் போகிற காலமெல்லாம் மலையேறிவிட்டதே என்று மோனிஷாவுக்கு வருத்தமாக இருந்தது. இப்படி வெளிச்சம் கொட்டுகிற ஊரில் யார் மாடிக்கு வந்து பாடப் போகிறார்கள்?

"இங்கயா உக்காந்தா?" என்றான்.

"இங்கதான். காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு. ஒரு செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தா."

அவன் மேடையைக் கையால் தொட்டுப் பார்த்தான். காலையில் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினான்.

"யாரு மோனி பூட்டுனது?"

அவள் யாரிடமும் அதைச் சொல்லாமல் இருந்ததே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஸ்டெஃபி பாடப் பாட, படிக்க விட மாட்டேங்கறா என்று கத்திக்கொண்டு வந்தவன் இதே ஜெஃப்ரின்தான். வாயை மூடுடி கழுதை என்றான். அவள் இன்னும் உரக்கப் பாடினாள். வெறுப்பில் கதவை அறைந்து வெளியே பூட்டிவிட்டு, சாவியோடு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் தங்கை போனதும், மஸ்கட்டுக்கு ஓடியதும், இத்தனை காலம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்காததும் எதனால் என்று மோனிஷாவுக்குத் தெரியும். இப்போது அவனுக்கே தெரியாது.

"யாரும் பூட்டல," என்றாள். "காத்துல கதவு அறைஞ்சுக்கிச்சு. வெளிக்கொண்டி தானா விழுந்துடுச்சு."

"நீ பூட்டுன்னு சொன்னியே."

"கொண்டிதான். வயசாச்சுல்ல, பூட்டுன்னு வந்துடுச்சு."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீ கீழ இருந்த. எங்க சத்தம் கேட்டு நீதான் தெருத் தெருவா ஓடி டாடியைத் தேடிக் கூட்டிட்டு வந்த."

ஜெஃப்ரின் மெல்லத் தலையாட்டினான். "ஸ்டெஃபி பாத்தாளா, நான் வந்ததை?"

"பாக்காம என்ன? உனக்குன்னு இன்னொரு பாட்டு பாடுனா. நீ காதைப் பொத்திக்கிட்ட."

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "நாளைக்கும் சொல்றியா?" என்றான்.

"சொல்றேன்."

தினமும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல மெருகேறும். கொஞ்ச நாளில் எந்தக் கோர்ட்டும் அந்த நினைவைத் தொடாது. இன்னும் கொஞ்ச நாளில், மூச்சிரைக்கத் தெருவில் ஓடுகிற ஜெஃப்ரினை அவளும் பார்த்ததாகத்தான் அவளுக்கே ஞாபகம் இருக்கும்.