ஒரு கேக்ஸ்

ரெங்கநாயகி டப்பாவைத் திறந்ததும் ஆறாம் வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்தவை பிஸ்கட்டுகள்.

"கேக்ஸ் கொண்டு வரேன்னு சொன்னியே, எங்கே?" என்று கேட்டான் ஜமால். அவள் பேச்சை நம்பி அவன் காலையில் ஒரே ஒரு இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான்.

"இதுதான் கேக்ஸ்."

"இது பிஸ்கட்டு! புளுகாதே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரெங்கநாயகியின் முகம் வாடிவிட்டது. அவள் குடும்பம் ஜெர்மனியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த அஃபீஃபாவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. புளுகுகிறவள் எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறப்பாளா?

இடைவேளையில் மெல்லக் கேட்டாள். "ஜெர்மன்ல பிஸ்கட்டுக்கு என்ன பேரு?"

"கேக்ஸ். இங்கிலீஷ்லேருந்து வந்த வார்த்தைன்னு அப்பா சொல்லியிருக்கார்."

"ஒரே ஒரு பிஸ்கட் இருந்தா?"

"அதுவும் கேக்ஸ்தான்."

அஃபீஃபா யோசித்தாள். இங்கிலீஷில் ஒன்று என்றால் கேக். பல இருந்தால்தான் கேக்ஸ். ஒற்றை பிஸ்கட்டோடு அந்த 'ஸ்' எப்படி ஒட்டிக்கொண்டது?

அப்போது ஜமால் சிப்ஸைக் கொறித்தபடி வந்தான். "அஃபீஃபா, ஒரு சிப்ஸ் வேணுமா?"

அஃபீஃபா துள்ளி எழுந்தாள். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"ஒரு சிப்ஸ்..."

"ஒண்ணுன்னா சிப்தானே? நீ ஏன் சிப்ஸ்னு சொல்றே?"

ஜமால் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க!"

"அதேதான்! ஜெர்மன்காரங்களும் கேக்ஸ்ங்கிற வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 'ஸ்' பேரோட சேர்ந்துபோச்சு. ரெங்கநாயகி புளுகலே."

"சரி, கேக்கோட பேரு பிஸ்கட்டுக்கு எப்படிப் போச்சு?"

"அது எனக்கும் தெரியலே. கண்டுபிடிக்கணும்."

ஜமால் ரெங்கநாயகியிடம் திரும்பினான். "அப்போ அங்க கேக்குக்கு என்ன பேரு?"

"கூகன்."

"கூகனா?" ஜமாலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரெங்கநாயகியும் சிரித்துவிட்டாள்.

"சாரி ரெங்கநாயகி, தெரியாம சொல்லிட்டேன். ஒரு கேக்ஸ் தரியா?"

அவள் டப்பாவை வெளியே எடுத்ததுதான் தாமதம், நாலா பக்கமிருந்தும் கைகள் நீண்டன.

மணி அடித்தது. டீச்சர் உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆனால், வணக்கம் சொல்ல ஒருவர் வாயும் காலியாக இல்லை.