எண்ணெய் போடாத கதவு

தொட்டான். பின்னாலிருந்து, தோளில், ஒரே ஒரு விரலால்...

அவ்வளவுதான்! தற்காப்பு வகுப்பில் சுவரைத் தள்ளிப் பழகிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிய வேகத்தில் அவனைத் தள்ளினாள். ஆள் தன் உளிப்பெட்டி மேலேயே போய் விழுந்தான்.

"கதவு ரிப்பேருக்கு வந்தவன்ங்க நான்! கொஞ்சம் நகருங்கன்னு சொல்ல வந்தா, இப்படியா?"

"வாய் எதுக்கு இருக்கு? கூப்பிட வேண்டியதுதானே! பின்னாடி ஆள் நின்னாலே எனக்கு உயிர் போயிடும், தெரியுமா?"

வகுப்பு எடுக்கும் டீச்சர் மட்டும் கை தட்டினார். "தள்ளிட்டியேம்மா!"

ஆறு மாதத்துக்கு முன் வார்டில் ஒரு நோயாளியின் அண்ணன் பின்னாலிருந்து இவள் கழுத்தைப் பிடித்தான். அன்று குரல் வரவில்லை, கை எழவில்லை, மரமாக நின்றாள். "நீ ஏன் தள்ளலை?" என்று அக்கா முதல் கேட்காதவர் இல்லை. கேட்ட வாய்களில் மண்ணைப் போட! உடம்பு உறைந்துபோனால் யார் என்ன செய்ய? அதை மீட்கத்தான் இந்த வகுப்பு. பாதத்தைத் தரையில் அழுத்து, மூச்சை விடு, சுவரைத் தள்ளு. பத்து நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பின்னால் ஆள் நிற்பதைத் தாங்க முடியாவிட்டால் வார்டை மறந்துவிட வேண்டியதுதான்.

"கை வலிக்குதா?" என்று கேட்டான், விழுந்தவன்! என்ன கண்கள் அவை... பார்வையை எடுக்க முடியாததில் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

அடுத்த வாரம், கொட்டும் மழையில் அவன் வந்தான். கதவு கிறீச்சிட்டது.

"என்னப்பா, ரிப்பேர் பாத்தும் கத்துதே?" என்றார் டீச்சர்.

"நான்தான் எண்ணெய் போடலை. யார் வந்தாலும் இவங்களுக்குக் கேக்கட்டுமேன்னு..."

"உங்க பரிதாபம் ஒண்ணும் எனக்கு வேண்டாம்!" என்று சீறினாள்.

"பரிதாபமா? நீங்க தள்ளினதுல என் முழங்கை இன்னும் வீங்கியிருக்கு. இது பயம்ங்க!"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் கோபம் வந்தது.

"பின்னாடி வந்து நில்லுங்க" என்றாள்.

நின்றான், தொடாமல். அவள் பாதங்களை அழுத்தினாள். முதுகு சில்லிட்டது. ஒரு மூச்சு... இரண்டு... மூன்றாவதில் தோள்கள் இறங்கின.

"நான் கிளம்பட்டுமா?"

"கிளம்பினா கொன்னுடுவேன்!" என்றாள் திரும்பாமலே. "ஒரு வாரமா இந்த முகத்தை நினைச்சு நினைச்சு எரிச்சலா வருது. பிடிச்சிருக்கு... போதுமா?"

அவன் உளிப்பெட்டியைக் கீழே வைத்தான். "எனக்கும்தாங்க... விழுந்த அன்னைக்கே. கையைப் பிடிக்கலாமா?"

"இந்தத் தடவை கேட்டுட்டீங்க இல்ல?" என்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள்.