ஏழாம் நாள் பயணி

மூடிய வண்டிக்குள் சேற்று வாடை அடித்தது. குளத்தை வற்றவிட்டுத் தாமரைக் கிழங்கு தோண்டும்போது எழுமே, அந்த வாடை. லுவோ ஜியான் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியே இருந்தன. வெளியே வூஹானின் மாலை மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி மெல்ல வேகம் குறைத்து, யாருமில்லாத நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது.

"இன்னொரு பயணி ஏறுகிறார். உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்?"

யாரும் பேசவில்லை. ஆனாலும் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 6208.

"நன்றி," என்றது வண்டி.

அந்த எண்ணை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவன் பார்த்திருந்தான். அலுவலக வாசலில், போன வாரம் இந்த நிறுவனத்தின் வண்டி மோதி இறந்த கிழங்கு வியாபாரியின் மகள், காகிதத்தில் செய்த கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். அதன்மேல் அம்மாவின் எண்ணை எழுதியிருந்தாள்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு முட்டிவலி. குறுக்க ஓடுற ஆளே இல்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"கேமராவுல ஒண்ணும் பதியலம்மா."

"சரிண்ணே. இன்னிக்கு ஏழாம் நாள், செத்தவங்க வீடு திரும்புற நாள். எரிச்சா அவங்க கைக்குப் போய்ச் சேரும்பாங்க, இந்த ஃபோனை எரிச்சு அனுப்புறேன். அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது. வெள்ளை மழை அங்கியோடு, சிதறிய கிழங்குகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள் அந்த வியாபாரி. வண்டி நின்று, தொலைவிலிருந்து வழிகாட்டும் ஜியானிடம் கேட்டது: முன்னால் இருப்பது ஆளா, பையா? நூடுல்ஸைக் கிளறியபடி, சரியாகப் பார்க்காமலே, அவன் 'பை' என்று அழுத்தினான்.

"குறுக்க ஓடினாங்கன்னு எழுதிடு," என்றார் மேலாளர். "வண்டிமேல ஊருக்கு நம்பிக்கை போச்சுன்னா நம்ம எல்லார் சோறும் போச்சு."

எழுதினான்.

இப்போது பக்கத்து இருக்கையின் பட்டை தானாக நீண்டு வந்து பூட்டிக்கொண்டது. இருக்கையிலிருந்து நீர் சொட்டியது. ஜியான் உதவிப் பொத்தானை அழுத்தினான்.

"ஜியான் அண்ணே, நீங்களா?" வண்டியின் கேமரா வழியே பார்க்கும் சக ஊழியர் ஷியாவ்வின் குரல். "பக்கத்துல அந்தக்கா தொப்பலா நனைஞ்சிருக்காங்களே. உங்க துண்டையாவது குடுங்கண்ணே, பாவம்."

துண்டு மடியில்தான் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பக்கத்துல யாரும் இல்ல," என்றான்.

இணைப்பு அறுந்தது.

வண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றது. அந்த வியாபாரி அடிபட்ட அதே இடம். அவன் பக்கத்துக் கதவு திறந்தது.

பாய்ந்து இறங்கினான். இடப்பக்கம் ஏரி வேலி. வலப்பக்கம் சுவர். முன்னால் ஓடினான். காலடியில் ஏதோ உருண்டது. கிழங்கு. விழுந்தான். முட்டி பெயர்ந்தது. எழ முடியவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய மழை அங்கி வெள்ளையாக மின்னியது.

"முன்னால் இருப்பது ஆளா, பையா?" வண்டி பணிவாகக் கேட்டது.

"ஆளு," என்றான். "நான் ஆளு."

வண்டி கேட்டது அவனிடம் அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் சேறு படிந்த விரலொன்று திரையை நோக்கி உயர்ந்தது. அது அவனைப்போல் அவசரப்படவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தது.

பிறகு அழுத்தியது.

"பை. நன்றி," என்றது வண்டி.

சக்கரங்கள் மெல்லச் சுழலத் தொடங்கின.