ரூடி உட்கார்ந்திருந்த நாற்காலி

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டும் அறையின் இரு கோடிகளில், சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலை நோக்கியபடி தனித்தனியாக நின்றன. நேற்றும் இப்படித்தான். நேற்று ஆர்டிஸ் அவற்றை இழுத்து வந்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் படுத்தாள். ஓக் மரம், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். முழங்கால் வலி இன்னும் விடவில்லை. வீட்டில் இருப்பது அவளும் கணவன் லொவெலும். லொவெல் இலையுதிர் காலத்தில் இடுப்பை முறித்துக்கொண்டவன். வாக்கரைப் பிடிக்காமல் அவனால் எழுந்து நிற்கக்கூட முடியாது.

நாற்காலிகளைவிட அவளைத் தொந்தரவு செய்தது வாசனைதான். சூடான தூசி, டீசல், பழைய காப்பி, வெளிக்காற்றே படாத இரும்பு. அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் லொவெலின் சீருடையிலிருந்து எத்தனை சோப்புப் போட்டும் போகாத வாசனை அது. பூமிக்கடியில் ஒரு நாள் முழுக்க அணு ஏவுகணைச் சாவிக்குக் காவல் இருந்துவிட்டு வருவான். அங்கே என்ன செய்கிறான் என்று கேட்கக் கூடாது; கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அரசாங்கம் எழுதி வாங்கியிருந்தது. ஆகவே அவள் உலக முடிவுக்கு வாழைப்பழ ரொட்டி கட்டிக் கொடுத்தாள். துருவத்துக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டிலும் இதேபோல் இரண்டு பேர் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ ஒருத்தி ஊறுகாய் கட்டிக் கொடுத்திருப்பாள்.

பிறகு இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் தங்கப் பேனாவால் கையெழுத்துப் போட்டு, எதிரியை இருபது தடவை கொல்வது வீண்செலவு, ஐந்து தடவை போதும் என்று முடிவு செய்தார்கள். அந்தச் சிக்கனத்தில் சாலைக்கு எதிரே இருந்த ஏவுகணைக் குழியும் போனது. வாத்தியக் குழுவோடு வந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஜல்லி கொட்டி மூடினார்கள், சமாதானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள், டோனட் கொடுத்தார்கள். இப்போது அங்கே கோடையில் கோதுமை, மற்ற மாதங்களில் பனி.

தொலைபேசி அடித்தது. மகள் ஜனெல், பார்கோ நகரத்திலிருந்து.

"நாளைக்குக் காலையில முதியோர் விடுதியிலேர்ந்து வண்டி வந்துரும்மா. அப்பா பையை எடுத்து வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"எப்படி இருக்காரு?"

"என்னை மேடம்ங்கிறான். சூப் பிரமாதம் மேடம், நீங்க இங்க வேலைக்குப் புதுசான்னு கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் சூப்பை அவன் பாராட்டினது இதான் முதல் தடவை."

ஜனெல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"நாற்காலி மறுபடியும் நகர்ந்திருக்கு, ஜனெல்."

"நீதாம்மா தூக்கத்துல நகத்தியிருப்ப. நாளையிலேர்ந்து நீயும் கொஞ்சம் தூங்கலாம்."

நாளையிலிருந்து. ஆர்டிஸ் ரிசீவரை வைத்தாள். இன்று சாயங்காலம் மட்டும்தான் மிச்சம். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவன் அவளைப் பார்த்து, அவள் யாரென்று தெரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஜனவரியில் டகோட்டாவில் சாயங்காலம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நாலரைக்கே வெளிச்சம் வயலைவிட்டு வடிந்துவிடும். அந்த நேரத்தில் படுக்கையறையிலிருந்து வாக்கரின் ரப்பர் கால்கள் தட்தட்டென்று வரும். லொவெல் வந்து இடது கோடி நாற்காலியில் உட்கார்வான், இல்லாத பெல்ட்டை இடுப்பில் மாட்டுவான், அலமாரிச் சாவியைக் காற்றில் செருகுவான். பிறகு வலது கோடி நாற்காலியைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பிப்பான்.

"திருப்புடா ரூடி. நான் மூணு சொன்னதும் திருப்பு."

ரூடி யார் என்பது கஞ்சி ஊட்டும்போதுதான் வெளியே வந்தது. சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் லொவெல்தான். அவனுடைய மறதி நோய் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ரூடி கீழே அவனோடு இருந்த இளம் அதிகாரி. இரண்டு சாவிகள், ஒருவன் கைக்கு மற்றது எட்டாத தூரத்தில். இரண்டும் ஒரே சமயத்தில் திரும்பினால்தான் ஏவுகணை கிளம்பும். ஒரு தடவை நிஜமாகவே உத்தரவு வந்தது. சங்கேத எண்களெல்லாம் சரியாக இருந்தன. லொவெல் மூன்று சொன்னான், தன் சாவியைத் திருப்பினான். ரூடி கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில், தவறுதலாக வந்த உத்தரவு என்று மேலிடம் சொல்லிவிட்டது. திருப்பியவனுக்குப் பதக்கம். திருப்பாதவனுக்கு மனநல மருத்துவர், அப்புறம் வீடு.

போன வசந்தத்தில் ரூடி செத்துப்போனான். பத்திரிகையில் நாலு வரி. பள்ளிப் பேருந்து ஓட்டினார், மீன்பிடிப்பதில் பிரியம் உள்ளவர் என்று போட்டிருந்தார்கள். அந்த வாரத்திலிருந்துதான் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

தட். தட்.

லொவெல் வந்து உட்கார்ந்தான். பெல்ட். சாவி. ஆர்டிஸ் சமையலறை வாசலில் துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள். விளக்கைப் போடலாம். கை போகவில்லை. இருட்டு தரையிலிருந்து ஏறி நாற்காலிக் கால்களை மூழ்கடித்தது. டீசல் வாசனை இன்று வாய்க்குள்ளேயே ருசித்தது. வலது கோடியில் மரம் மெல்ல முனகியது. கனமான ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து இடம் மாற்றிக்கொள்ளும் முனகல்.

"ரூடி, தயவுசெஞ்சு. ஒரே ஒரு தடவை." லொவெல் அழுதான். குழந்தை மாதிரி, மூக்கைத் துடைக்காமல். "என்னைத் தனியா விட்டுடாதடா."

அந்த அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. அழுகையைவிடத் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. கட்டின மனைவியைத் தெரியாதவன், செத்துப்போன ஒருவனை மட்டும் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் வலது கோடிக்கு நடந்தாள். நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அதன் மேல் கையை நீட்டினாள். குளிர். கதவைத் திறந்ததுபோல.

"எந்திரி," என்றாள். "எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. இது என் வீடு. எந்திரி ரூடி."

ஒன்றும் அசையவில்லை.

"எந்திரின்னு சொல்றேன்ல!"

மெத்தை மெதுவாக உப்பி எழுந்தது. வாசனை அவள் பக்கமாக நகர்ந்து வந்தது. ஒரு கணம் அவள் மணிக்கட்டை ஏதோ இறுக்கிப் பிடித்தது. வேண்டாம் என்பதுபோல. அவள் உதறினாள். விட்டது.

அவள் உட்கார்ந்தாள்.

லொவெலின் அழுகை நின்றது. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் எங்கோ உள்ளே ஒரு விளக்கு எரிந்தது.

"ஆர்டிஸ்?"

"நான்தான். நான்தான் லொவெல்."

"நீயா வந்திருக்க? மூணு சொன்னதும். சரியா?"

சரியென்று தலையாட்டினாள். அந்த முகத்துக்காக எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

ஒன்று. இரண்டு.

மூன்று.

வெறும் காற்றில் கையைத் திருப்பினாள். காற்று இல்லை. இரும்பு. ஐஸ் போன்ற இரும்பு. விரல்களுக்குள் அது புரண்டது.

கிளிக்.

குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது. கடிகாரம் நின்றது. எதிரே, ஜல்லி கொட்டி மூடிய வயலில், பனி எழுந்து நின்றது. வெள்ளைத் தூண். அடியில் நெருப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அடுத்த பண்ணையில் ஒன்று. அதற்கடுத்து. தொடுவானம் வரை. சத்தமே இல்லாமல்.

"ரூடி எங்க?" லொவெலின் குரல் பழைய குரலாக இருந்தது. தெளிவாக. முழுசாக.

"நான் போகச் சொல்லிட்டேன்."

"அவன் ஒரு நாளும் எந்திரிக்கலையே ஆர்டிஸ்." வெளிச்சம் அவன் கன்னத்தில் ஓடியது. "நான் அவ்வளவு கெஞ்சியும் அந்தச் சாவியை விட்டு எந்திரிக்கலையே."

அவள் தொலைபேசியை எடுத்து ஜனெலின் எண்ணை அழுத்தினாள். காதில் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

"வச்சிடு," என்றான். "துருவத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து அவங்க அனுப்பறது வர அரை மணி நேரம் ஆகும். இங்க வந்து உக்காரு."

அந்த அரை மணி நேரமும் அவன் பேசினான். அவளுக்கென்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததுபோல். கல்யாணத்தன்று கார் சகதியில் மாட்டியது, அவள் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கித் தள்ளியது, ஜனெல் பிறந்த இரவு பனிவாரி வண்டிக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனது. "உன் சூப் எப்பவுமே சுமார்தான்," என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு வடக்கே பார்த்தான். பேச்சை நிறுத்தினான்.

வாக்கர் இல்லாமல் எழுந்து நின்றான். அவள் பின்னால் வந்தான். "கண்ணை மூடிக்கோ ஆர்டிஸ்," என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கண்களை இதமாகப் பொத்தினான்.

அவள் மூடித்தான் இருந்தாள். இறுக்கமாக. ஆனாலும் இமைகளைத் தாண்டி, சிவந்த ஒளியில், அவன் விரல் எலும்புகள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தன. கணுக் கணுவாக. இடது மோதிர விரலின் எலும்பைச் சுற்றி, எதையும் தொடாமல், கல்யாண மோதிரத்தின் கறுப்பு வளையம்.